விட்டுப்போன குளிசைகள்: பயப்படும் முன் அட்டையை எடுத்து எண்ணுங்கள்

குடும்பநல உத்தியோகத்தராக முப்பது வருடங்களுக்கு மேல் வலிகாமத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். சைக்கிளில் வீடு வீடாகப் போன காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிப் பையோடு நிற்கும்போது யாராவது ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போவது இன்னும் நடக்கிறது.

அண்மையில் அப்படித்தான் ஒரு இளம் தாய் வந்தாள். இரண்டு பிள்ளைகள். கணவர் கொழும்பில் வேலை.

"அன்ரி, இந்த மாதம் குளிசை ஒழுங்கா எடுக்கேல்ல. மூண்டு நாலு நாள் விட்டுப்போச்சு. பிறகு பயத்தில ரெண்டை ஒண்டாப் போட்டன். இனிப் பிள்ளை தங்கியிடுமோ?"

இந்தக் கேள்வியை நான் நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள், நாற்பது தாண்டிய அம்மாக்களும் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் என் முதல் பதில் ஒன்றுதான்: "அட்டையைக் கொண்டு வாங்கோ, பாப்பம்." எத்தனை குளிசை விட்டுப்போனது, எந்தக் கிழமையில் விட்டுப்போனது, கடைசியாகக் கணவரோடு சேர்ந்தது எப்போது ஆகிய மூன்றும் தெரிந்தால் ஆபத்து எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிசை எப்படி வேலை செய்கிறது

எங்கள் கிளினிக்குகளிலும் பாமசிகளிலும் அதிகம் புழங்குவது ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஓமோன்களும் சேர்ந்த குளிசை. "மிதுரி" என்ற பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு அட்டையில் 28 குளிசைகள் இருக்கும். முதல் 21இல்தான் ஓமோன் உண்டு. கடைசி 7 வேறு நிறத்தில் இருக்கும். அவை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குளிசைகள். அந்த 7 நாட்களில்தான் மாதவிடாய் வரும்.

ஓமோன் குளிசை சூலகத்தை நித்திரையாக்கி வைக்கிறது என்று நான் சொல்வதுண்டு. முட்டை வெளிவராது. கருப்பைக் கழுத்தில் உள்ள சளியும் தடித்து விந்தணு உள்ளே போவதைத் தடுக்கும். சூலகம் அடங்குவதற்குத் தொடர்ந்து 7 நாட்கள் ஓமோன் வேண்டும். அதேபோல 7 நாட்களுக்கு மேல் ஓமோன் இல்லாவிட்டால் அது விழித்துக்கொள்ளக்கூடும். இந்த 7 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகள் எல்லாம் இலகுவாக விளங்கும்.

ஒருநாளும் தவறாமல் எடுத்தால் ஒரு வருடத்தில் 1000 பெண்களில் ஏறத்தாழ 3 பேருக்குத்தான் கரு தங்கும். ஆனால் நடைமுறையில் மறதி, பயணம், மருந்து முடிந்துபோதல் எல்லாம் சேர்ந்து 100 பேரில் ஏறத்தாழ 7 பேருக்குக் கரு தங்குகிறது. குளிசை ஒன்றுதான். எடுக்கும் விதம்தான் வேறு.

எத்தனை விட்டுப்போனது?

ஒரு குளிசை மட்டும் விட்டுப்போயிருந்தால், அதாவது எடுக்கவேண்டிய நேரத்திலிருந்து 48 மணித்தியாலம் ஆகவில்லை என்றால், ஞாபகம் வந்தவுடன் அதை எடுங்கள். அடுத்ததை வழமையான நேரத்தில் எடுங்கள். ஒரே நாளில் இரண்டு எடுக்க நேர்ந்தாலும் தீங்கில்லை, கொஞ்சம் பிரட்டல் வரலாம். வேறு பாதுகாப்புத் தேவையில்லை.

இரண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் உடனே எடுங்கள். அதற்கு முன் விட்டவற்றை எடுக்கவேண்டாம். விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்கினால் பாதுகாப்பு திரும்பி வராது, வாந்திதான் வரும். தொடர்ந்து நாளுக்கு ஒன்றாக எடுங்கள். இடைவிடாமல் 7 ஓமோன் குளிசைகள் எடுத்து முடியும்வரை ஆணுறை பாவியுங்கள், அல்லது சேராமல் இருங்கள்.

கடைசி 7 இரும்புச்சத்துக் குளிசைகளில் எத்தனை விட்டாலும் கரு தங்கும் ஆபத்து இல்லை. விட்டவற்றை எறிந்துவிட்டு, புதிய அட்டையைக் குறித்த நாளில் தொடங்கினால் போதும்.

எந்தக் கிழமையில் விட்டுப்போனது?

பலரும் அட்டையின் நடுவில் விடுவதுதான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். மாதத்தின் நடுவில்தான் முட்டை வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மனதில் இருப்பதால் அப்படி நினைப்பது இயல்பு. குளிசை எடுப்பவருக்கு உண்மை வேறு.

மிக ஆபத்தானது முதல் கிழமை. ஏற்கனவே 7 நாட்கள் ஓமோன் இல்லாமல் போயிருக்கிறது. அதோடு புதிய அட்டையை மூன்று நாள் பிந்தித் தொடங்கினால் மொத்தம் 10 நாட்கள். சூலகம் விழிக்க அது போதும். விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், குளிசையை விடுவதற்குச் சில நாட்கள் முன் சேர்ந்திருந்தாலும் கணக்கில் வரும். முதல் கிழமையில் இரண்டுக்கு மேல் விட்டு, கடந்த 5 நாட்களுக்குள் பாதுகாப்பில்லாமல் சேர்ந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி அன்றைக்கே யோசிக்கவேண்டும்.

இரண்டாம் கிழமையில், அதற்கு முந்திய 7 நாட்களும் ஒழுங்காக எடுத்திருந்தால் ஆபத்துக் குறைவு. மேலே சொன்னபடி தொடர்ந்து எடுத்து, 7 நாட்கள் ஆணுறை பாவியுங்கள்.

மூன்றாம் கிழமையில் விட்டுப்போனால் மிச்ச ஓமோன் குளிசைகளை எடுத்து முடித்து, இரும்புச்சத்துக் குளிசைகளை விட்டுவிட்டு, அடுத்த நாளே புதிய அட்டையைத் தொடங்குங்கள். அந்த மாதம் தீட்டு வராமல் போகலாம். அதற்காகப் பயப்படவேண்டாம். இந்த 7 நாட்களும் ஆணுறை வேண்டும்.

சந்தையில் என்னை மறித்த பிள்ளையின் அட்டையைப் பார்த்தபோது அவள் விட்டது முதல் கிழமையில் மூன்று குளிசை. கணவர் வந்து நின்றது இரண்டு நாட்களுக்கு முன். அவளை நான் நேரே பாமசிக்கு அனுப்பினேன்.

பாலூட்டும் தாய்மார் சிலருக்கு ஒற்றை ஓமோன் குளிசை கொடுப்பார்கள். அதில் இரும்புச்சத்துக் குளிசை இல்லை, 28உம் ஓமோன். நேரக் கணக்கு மிகவும் இறுக்கம். பழைய வகையில் 3 மணித்தியாலம் பிந்தினாலே விட்டதாகக் கணக்கு. டெசொஜெஸ்ட்ரல் என்ற வகைக்கு 12 மணித்தியாலம். பிந்தினால் உடனே ஒன்றை எடுத்து, 2 நாட்கள் ஆணுறை பாவிக்கவேண்டும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் தந்தவரிடம் கேளுங்கள்.

"அவர் வாற நாளில மட்டும் எடுக்கிறன்"

நான் கண்ட தவறுகளில் மிகப் பெரியது மறதி அல்ல. கணவர் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும் நாட்களில் மட்டும் குளிசை எடுப்பது. "அவர் இல்லாத நேரம் ஏன் சும்மா விழுங்குவான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது தலையிடிக்குப் பனடோல் போடுவது போன்றதல்ல. அவர் வந்து இறங்கிய அன்று தொடங்கும் குளிசைக்கு 7 நாட்களுக்குப் பிறகுதான் பலன். மாதவிடாய் தொடங்கி முதல் 5 நாட்களுக்குள் தொடங்கினால் மட்டுமே உடனே பாதுகாப்புக் கிடைக்கும். இடைக்கிடை வரும் கணவர் என்றால் ஆணுறை, ஊசி, லூப் போன்றவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

குளிசையின் பலனைக் குறைப்பவை

குளிசை எடுத்து 2 அல்லது 3 மணித்தியாலத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்றை எடுங்கள். இரண்டு நாட்களுக்கு மேல் வாந்தியோ கடும் வயிற்றோட்டமோ நீடித்தால் அந்த நாட்களை விட்ட நாட்களாகவே எண்ணுங்கள்.

காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடொயின், காபமசெப்பின், பினோபாபிற்றோன் ஆகியவை குளிசையின் ஓமோனைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும். எங்கள் மண்ணில் இது சிறிய விடயமல்ல. செல் துண்டு தலையில் பட்டு, அதன்பின் வலிப்பு வந்து, வருடக்கணக்காக மருந்து எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாள்கூடத் தவறாமல் குளிசை எடுத்தும் கரு தங்கலாம். வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது. கருத்தடை முறையைத்தான் மாற்றவேண்டும். காய்ச்சல், தொண்டை நோவுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் போன்ற சாதாரண அன்ரிபயோற்றிக் மருந்துகள் குளிசையைப் பாதிப்பதில்லை.

முதல் 5 நாட்கள்

அவசரக் கருத்தடைக் குளிசையில் லெவோநோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் இருக்கும். "போஸ்டினோர்" என்ற பெயரில் பாமசிகளில் கிடைக்கிறது. எவ்வளவு விரைவாக எடுக்கிறீர்களோ அவ்வளவு பலன். 72 மணித்தியாலத்துக்குள் எடுப்பது நல்லது. 120 மணித்தியாலம் வரை ஓரளவு பலன் இருக்கும். முட்டை வெளிவருவதைப் பிற்போடுவதுதான் அதன் வேலை. ஏற்கனவே தங்கிய கருவை அது கலைக்காது, கருவுக்குத் தீங்கும் செய்யாது. எடுத்த பிறகும் வழமையான குளிசையைத் தொடரவேண்டும், 7 நாட்கள் ஆணுறை பாவிக்கவேண்டும். உடல் எடை கூடியவர்களுக்கும், மேலே சொன்ன வலிப்பு, காசநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் அதன் பலன் குறையும்.

இதைவிடப் பலமானது செப்பு லூப். 5 நாட்களுக்குள் வைத்தியரிடம் போய் அதைப் போட்டுக்கொண்டால் 100இல் 99 பேருக்கு மேல் கரு தங்காது. பிறகு பல வருடங்களுக்குக் கருத்தடையாகவும் இருக்கும்.

பாமசியில் கேட்க வெட்கமாக இருக்கிறது என்பார்கள். திருமணமாகாத பிள்ளைகளுக்கு அந்த வெட்கத்தோடு பயமும் சேரும். ஊரில் தெரிந்த முகம் கவுண்டரில் நிற்கும். அப்படியானால் வேறு ஊர்ப் பாமசிக்குப் போங்கள், நம்பிக்கையான தோழியை அனுப்புங்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் பலனைக் குறைக்கும்.

எப்போது பரிசோதிப்பது?

பயத்தில் அடுத்த நாளே சிறுநீர்ப் பரிசோதனை செய்வதில் அர்த்தமில்லை. பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாட்கள் கழித்துச் செய்தால் முடிவை நம்பலாம். காலையில் போகும் முதல் சிறுநீர் நல்லது. குளிசை எடுக்கும்போது தீட்டு மிகக் குறைவாக வருவதும், ஒரு மாதம் வராமல் போவதும் வழமை. ஆகவே தீட்டை மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டாம். குளிசை விட்ட மாதத்தில் தீட்டு வராவிட்டால் பரிசோதியுங்கள். கொஞ்சம் இரத்தம் பட்டது என்பதற்காகக் கரு இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள்.

கரு தங்கியது தெரியாமல் குளிசை எடுத்தவர்கள் "பிள்ளைக்கு ஏதும் குறை வருமோ" என்று அழுவதைக் கண்டிருக்கிறேன். தெரியாமல் எடுத்த குளிசையால் பிள்ளைக்குப் பிறவிக் குறைபாடு கூடுவதில்லை. தெரிந்தவுடன் நிறுத்தினால் போதும்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் நோவு, தலைச்சுற்று, மயக்கம், தோள்மூட்டில் நோவு வந்தால் அது கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாக இருக்கலாம். உயிராபத்தானது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

இடம்பெயர்வும் அலுமாரியில் விட்ட அட்டையும்

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. பிள்ளைகளையும் வயது போனவர்களையும் உறுதிகளையும் நகையையும் எடுத்துக்கொண்டு வந்தோம். குளிசை அட்டையை யார் நினைத்தது? பாடசாலைகளில் தங்கியிருந்தபோது பெண்கள் என்னிடம் மெதுவாக வந்து கேட்டார்கள். கொடுப்பதற்கு என்னிடமும் போதியளவு இருக்கவில்லை. அடுத்த வருடம் ஊர் திரும்பிய சில தாய்மார் எதிர்பாராத வயிற்றோடு திரும்பினார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று வளர்ந்து நல்லபடி இருக்கிறார்கள். ஆனால் கொட்டிலில் ஒரு நேரச் சாப்பாட்டோடு அவர்களைச் சுமந்த தாய்மார் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2006 ஓகஸ்ட் 11 அன்று ஏ9 பாதை மூடப்பட்ட பிறகும் எந்தச் சாமான் எப்போது வரும் என்று தெரியாமல் வாழ்ந்தோம்.

அந்த அனுபவத்தில் நான் சொல்வது: எப்போதும் ஒரு அட்டை மேலதிகமாக வீட்டில் இருக்கட்டும். முக்கிய பத்திரங்கள் வைக்கும் பையிலேயே அதையும் வையுங்கள்.

போர் விட்டுச்சென்ற இன்னொன்றும் உண்டு. இரவில் நித்திரை வராது, பகலில் ஞாபகம் நிற்காது. காணாமலாக்கப்பட்டவரைத் தேடும் வீட்டில், ஒருத்தி தனியே உழைத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் வீட்டில், தினமும் ஒரே நேரத்தில் குளிசை எடுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். மறப்பது உங்கள் குற்றமல்ல. அடிக்கடி மறக்கிறது என்றால் இந்த முறை உங்களுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, கையில் தோலுக்குக் கீழ் வைக்கும் உள்வைப்பு, லூப் ஆகியவற்றுக்குத் தினசரி ஞாபகம் தேவையில்லை.

சம்மதம் உங்களுடையது

ஆனால் உள்வைப்பு என்று சொன்னவுடன் வன்னிப் பெண்கள் சிலரின் முகம் மாறும். காரணம் உண்டு. 2013 ஓகஸ்ட் இறுதியில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பெண்களுக்கு முழு விளக்கம் கொடுக்காமல், சுதந்திரமான சம்மதம் பெறாமல் உள்வைப்புப் பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இன அழிப்பின் நினைவோடு வாழும் மக்களிடம் அது ஏற்படுத்திய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன்: எந்த முறையென்றாலும் அது என்ன, எத்தனை வருடம், பக்கவிளைவு என்ன, வேண்டாம் என்றால் யார் எடுத்துவிடுவார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் பதில் கிடைக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், வைத்த பிறகு எடுத்துவிடச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேள்வி கேட்பதால் நிவாரணமோ கிளினிக் சேவையோ நின்றுபோகக் கூடாது. அதேநேரம், ஒருவருடைய தவறுக்காக எல்லாக் கருத்தடையையும் ஒதுக்கிவிட்டு விரும்பாத கருவைச் சுமப்பதும் உங்களுக்கு நீதியாகாது. எத்தனை பிள்ளை, எப்போது என்பதை நீங்கள்தான் முடிவெடுக்கவேண்டும்.

கரு தங்கிவிட்டால்

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றி வேறு எதற்காகவும் கருக்கலைப்புச் செய்வது குற்றம். பாலியல் வன்முறையால் தங்கிய கருவுக்கும் விதிவிலக்கு இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் வாழும் எங்களுக்கு அந்த முதல் 5 நாட்கள் எவ்வளவு பெறுமதியானவை என்று சொல்லத் தேவையில்லை.

பப்பாளி, அன்னாசி, எள்ளு என்று வீட்டு வைத்தியம் செய்பவர்கள் உண்டு. அவற்றை நம்பி நாட்களைக் கடத்தாதீர்கள். மறைவிடங்களில் குச்சி, மருந்து என்று உயிரோடு விளையாடுபவர்களிடம் போகாதீர்கள். ஏற்கனவே ஏதாவது நடந்து, கடும் இரத்தப்போக்கு, காய்ச்சல், நாற்றமுள்ள கழிவு இருந்தால் என்ன பயம் இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை கொடுப்பது அவர்களின் கடமை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் 24 மணித்தியாலமும் அவசர சிகிச்சை உண்டு. கருவைச் சுமப்பதென்று முடிவானால் உங்கள் பிரதேசக் குடும்பநல உத்தியோகத்தரிடம் விரைவாகப் பதிந்துகொள்ளுங்கள்.

உயர் இரத்த அழுத்தம், இரத்தக் கட்டி, மார்புப் புற்றுநோய், கண் மின்னலோடு வரும் ஒற்றைத் தலையிடி உள்ளவர்களும், பிள்ளை பெற்று 6 மாதம் ஆகாத பாலூட்டும் தாய்மாரும் இரட்டை ஓமோன் குளிசையை வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. மற்றவர்களுக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் இவை எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அந்த இளம் தாய் மூன்று கிழமைக்குப் பிறகு மீண்டும் சந்தையில் நின்றாள். தூரத்திலிருந்தே தலையை இல்லை என்று ஆட்டிச் சிரித்தாள். பக்கத்தில் வந்ததும், "அன்ரி, அடுத்த கிழமை ஊசி போடப் போறன். என்ன கேக்கவேணும் எண்டு எழுதித் தாறீங்களோ?" என்றாள். மரக்கறிக் கடைக்காரரிடம் ஒரு துண்டுப் பேப்பர் வாங்கி, நின்ற நிலையிலேயே எழுதிக் கொடுத்தேன்.